பி.எஃப். பணத்தில் கட்டிய கடைக்கு முழு வாடகை

என் வீட்டுக்காரர் தன் பி.எஃப். பணம் முழுவதையும் போட்டுக் கெலமங்கலத்தில் கட்டிய கடை அது. அவர் போன பிறகு அந்த வாடகையில்தான் சாப்பிடுகிறேன்.

வாடகைக்கு இருக்கும் ஹார்டுவேர்க்காரர் நாலு மாதமாக வாடகையில் நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய் பிடித்துக்கொண்டுதான் தந்தார். கேட்டால், "ஜிஎஸ்டி ரூல் அக்கா" என்பார்.

இன்று நானே ஓசூர் போய் ஆடிட்டரைக் கேட்டேன்.

"ஜிஎஸ்டி நம்பர் அவருக்குத்தான இருக்கு, உங்களுக்கு இல்லையே. வரிய அவருதான் கட்டணும்மா. உங்க வாடகையில பிடிக்கக்கூடாது" என்றார்.

பஸ் இறங்கி நேராகக் கடைக்குப் போய் அதைச் சொன்னேன்.

"யாருக்கா இப்படிச் சொன்னது?"

"ஆடிட்டரு. பிடிச்சதையும் சேர்த்துக் குடுத்துடு தம்பி."

திங்கட்கிழமை தருகிறாராம். டீ வேறு வரவழைத்தார். அதில் பதினெட்டு பிடிக்கவில்லை, முழு டம்ளர்.

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் "போகுது விடு" என்றிருப்பார். நான் விடவில்லை.

உங்கள் வாடகையிலும் யாராவது பிடிக்கிறார்களா? சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.