தொட்டபோது சூடாக இருந்தது

பழைய டீசல் எஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அதை ஓட்டிக் காட்டுவதற்கு முன்னால் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் மேலே பேசலாம். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தேய்ந்த எஞ்சின் குளிரில் லேசில் கிளம்பாது. முக்கும், முனகும், வெள்ளைப் புகையாகக் கக்கும். ஒரு முறை சூடேற்றிவிட்டால் அதுவே நல்ல பிள்ளையாகக் கிளம்பிவிடும். தண்டு என்று நாங்கள் சொல்லும் பெங்களூர் கன்டோன்மென்டில், மோட்டார் ஒர்க்‌ஷாப் மேஸ்திரியாக முப்பது வருஷம் இருந்தேன். இந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. ஒரே ஒரு முறை மீறித் தொலைத்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

உலகப் போர் முடிந்த மறு வருஷம் அது. போர் முடிந்ததே தவிர எனக்குக் களைப்பு முடியவில்லை. பட்டாளத்து லாரிகளுக்கு அடியில் படுத்துப் படுத்து முதுகு பலகையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறும், அதற்குப் பிறகு ஒரு தூக்கமும்தான் அந்த நாளில் எனக்கு மிச்சமிருந்த ஆசைகள்.

அப்போதுதான் என் தங்கையின் கணவர் பழவேற்காட்டிலிருந்து வந்தார். ஏரியில் ஆட்களை இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கொண்டுவிடுகிற தொழில். துடுப்பு பாதி, கழி பாதி. இருபது வருஷம் கழி ஊன்றியதில் வலது தோள் போய்விட்டது. சட்டை மாட்டும்போதுகூட இடது கையால் வலது கையைத் தூக்கி நுழைப்பார்.

"மோட்டார் வச்சா இன்னும் பத்து வருஷம் தண்ணியில இருப்பேன் மச்சான். இல்லைன்னா இந்தத் தையோட சரி. எங்கயாவது கூலிக்குத்தான் போவணும்" என்றார்.

வரும்போது காய்ந்த இறால் ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தார். அவர் கட்டுகிற மூட்டையை யாரும் அவிழ்க்க முடியாது. எதைக் கட்டினாலும் வலை முடிச்சு, அதன் மேல் பின்னோக்கி இன்னொரு சுற்று. என் மனைவி ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே அரிவாள்மணையைத் தேடுவாள்.

அவருக்காக நான் பார்த்துவைத்திருந்த படகு அல்சூர் ஏரியில் பட்டாளத்தார் பழகுவதற்கு வைத்திருந்தது. ஏலத்தில் ஒரு பழைய இரும்புக்கடை பாய் அதை எடுத்து, கடைக்குப் பின்னால் மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், கையால் சுற்றிக் கிளப்புவது. எனக்கு அதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அது உப்புத் தண்ணீரைக் கண்டதே இல்லை. கடலில் ஓடிய எஞ்சினை உள்ளுக்குள் உப்பு தின்றிருக்கும், வெளியே பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். இது ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த எஞ்சின்.

"நாளைக்கு நாலரைக்குப் போவோம்" என்றேன் சனிக்கிழமை சாயங்காலம், கடையைத் தெருவிலிருந்து அவருக்குக் காட்டிவிட்டுத் திரும்பும்போது.

"ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குது மச்சான். முதல்முதலா எஞ்சினைக் கிளப்பறது... கொஞ்சம் முன்னாடி போனா நல்லது."

"முன்னாடி போனா என் தூக்கம் என்னாகிறது? ராகுவுக்கு டீசல் எஞ்சின் பத்தி என்ன தெரியும் மாப்பிள்ளை? ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா அவருக்கு?"

அதோடு விட்டேனா? சாப்பிடும்போது, "எலுமிச்சம்பழம் வைத்தால் இன்ஜெக்டர் சரியாகிவிடுமா" என்று ஒரு தடவை. படுக்கும்போது, "கற்பூரத்தில் ஓடும் எஞ்சின் வந்தால் சொல்கிறேன்" என்று இன்னொரு தடவை. என் மனைவி கண்ணைக் காட்டினாள். வீட்டு மாப்பிள்ளையை அப்படிக் கேலி செய்யக்கூடாது. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு வாய்க்கொழுப்பு, வேறென்ன.

மறுநாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். நான் எழுந்தபோது அவர் வெளியே போய்விட்டுத் திரும்பி, முகம் கழுவிக்கொண்டிருந்தார். டீ குடிக்கப் போனதாகச் சொன்னார். இருவரும் கிளம்பினோம்.

பாய் எங்களை மரியாதையாக வரவேற்றார். நான் நேரே படகில் ஏறி, மூடியைத் தூக்கி, சிலிண்டர் மேல் கை வைத்தேன். சூடாக இருந்தது. வெயில் பட்ட சூடு வேறு, ஓடிய சூடு வேறு. என் கைக்கு அது தெரியும்.

எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்த எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருக்கும், இது அப்படி இல்லை. பாயின் ஆள் சுற்றினான். ஒரே சுற்றில் கிளம்பியது. புகை இல்லை, தடுமாற்றம் இல்லை. அந்த ஓசையை என் காது ஒப்புக்கொண்டது, கை ஒப்புக்கொள்ளவில்லை. எஞ்சின் நன்றாக ஓட ஓட எனக்குக் கோபம்தான் ஏறியது.

"பாய், நாங்க வர்றதுக்கு முன்னாடி ஓட்டினீங்களா?"

அவர் என் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு தடவை ஓட்டினது நிஜம்தான் மேஸ்திரி. எதுக்குன்னு என்னைக் கேக்காதீங்க."

"எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? முப்பது கடையில பார்த்த வேலை இது."

"அரே, என்ன பேச்சு பேசறீங்க! நாளைக்கு வாங்க. ராத்திரியெல்லாம் ஆறட்டும், சத்தியமா யாரும் தொடமாட்டாங்க. நீங்களே கிளப்பிப் பாருங்க."

நாளைக்கு வந்திருக்கலாம். விடியற்காலையில் எழுந்து, வேலைக்குப் போகும் வழியில் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தால் போதும். நினைத்தும் பார்த்தேன். நினைத்தபோதே கால் கனத்தது. இன்னொரு தடவை வரவேண்டாம் என்பதற்காகவே அந்த மனிதரை அவருடைய ஆட்களுக்கு முன்னால் திருடன் என்று சொன்னேன். அவர் மூடியைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் மாப்பிள்ளை வழி நெடுகத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். பெரிய மோசடியிலிருந்து காப்பாற்றிவிட்டேன், நன்றி சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "விடுங்க மாப்பிள்ளை, வேற கிடைக்கும்" என்று தேற்றவும் செய்தேன்.

வேறு கிடைத்தது. ஊருக்குப் போய், என்னைக் கூப்பிடாமலே, கடலில் ஓடின ஒரு படகை வாங்கினார். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. உப்பு தின்ற சிலிண்டர் பிளந்துவிட்டது. அடுத்த தையில் என் தங்கையையும் அழைத்துக்கொண்டு பெங்களூருக்கே வந்துவிட்டார். ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்து வீடு. முனிசிபாலிடியில் சாக்கடை வாருகிற தினக்கூலி. நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்று மண்வெட்டி போட வேண்டும். அதே வலது தோள்.

மூன்று வருஷம் கழித்து அத்திபெலே பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. கிணற்று பம்பில் தண்ணீர் ஒழுகுகிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். மார்கழிக் காலை, பனி விலகவில்லை. கொட்டகைக்குள் நுழைந்ததும் அடையாளம் தெரிந்தது. அதே இரண்டு சிலிண்டர் எஞ்சின். படகைப் பிரித்துவிட்டு எஞ்சினை மட்டும் பாய் விற்றிருக்கிறார்.

பழக்க தோஷம், கை வைத்தேன். கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. சுற்றினேன். ஒரே சுற்று, கிளம்பிவிட்டது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து உடனே நின்றது. தோட்டக்காரர் கன்னடத்தில், "ஏனு தொந்தரே இல்ல" என்றார். வாங்கிய நாளிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லையாம்.

நிறுத்திவிட்டு, பம்பைக் கழற்றப் பின்பக்கமாகப் போய்க் குனிந்தேன். டீசல் குழாயில், சுவர் ஓரமாக, ஒரு நூல் கட்டியிருந்தது. எண்ணெய் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. விரலால் தேய்த்தபோது அடியில் மஞ்சள் தெரிந்தது. வலை முடிச்சு, அதன் மேல் பின்னோக்கி இன்னொரு சுற்று.

நான் தூங்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை டீ குடிக்கப் போகவில்லை.

சாயங்காலம் நேரே ஸ்ரீராம்புரம் போனேன். வாசற்படியில் சட்டையில்லாமல் உட்கார்ந்து தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"அன்னைக்கு எஞ்சினை ஓட்டச் சொன்னது நீங்களா?"

தேய்ப்பதை நிறுத்தினார். "ஆமா மச்சான். மூணரைக்கு நல்ல நேரம் இருந்துச்சு. முதல் தடவை அதுல கிளம்பட்டும்னு பாயைக் கெஞ்சினேன். உங்ககிட்ட சொல்லவேணாம்னு சத்தியம் வாங்கினேன்."

"அங்கயே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க சிரிப்பீங்கன்னு இருந்துச்சு. அப்புறம் நீங்க அவரைத் திட்டினீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டாலும் இவருக்கு அந்த ஏரி திரும்பக் கிடைக்காது. மாப்பிள்ளையே கேட்டார்.

"இப்ப எங்க இருக்குது அது? ஓடுதா?"

"ஓடுது. கிணத்துல தண்ணி இறைக்குது."

"ஒரே சுத்துல கிளம்புதா?"

"கிளம்புது."

"குளிர்லகூடவா மச்சான்?"

"குளிர்லதான் கிளப்பினேன். ஒரே சுத்து."

அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அப்ப நல்ல எஞ்சின்தான்" என்றார். இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் எண்ணெய் தேய்க்கத் தொடங்கினார்.