அண்ணனின் சாமை மெஷின்

சர்க்கரை ஏறிவிட்டது, இனிமேல் சாமை சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். வாங்கி வந்தேன். பாக்கெட்டின் மேல் ஜவ்வாது மலைப் படம், கீழே பொடி எழுத்தில் வேறு மாநிலத்து விலாசம். குக்கர் ஆவியில் அந்த வாசனை வந்ததும் பசி போய்விட்டது. அண்ணனின் சட்டையில் வீசிய வாசனை அது.

அண்ணன் மலைமேல் சாமைக்கு உமி நீக்கும் மெஷின் போட்டிருந்தான். உரலில் குத்திக் கை காய்த்துப்போன மலைக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டு வருவார்கள். சந்தவாசலில் எங்கள் வீட்டிலோ யார் கேட்டாலும், "வேல தேடிக்கினு இருக்கான்" என்போம். மாதச் சம்பளம் வாங்குபவன்தான் எங்களுக்கு மனிதன். நான் அப்போது அரசாங்க குமாஸ்தா, ஆகவே முழு மனிதன்.

கலசப்பாக்கத்திலிருந்து அவனுக்குப் பெண் கொடுக்க வந்தார்கள். அண்ணன் பெருமையாகச் சாமைச் சோறு வடிக்கச் சொல்லி, தானே பரிமாறினான். பெண்ணின் தாய்மாமன் இலையைத் தொடவில்லை.

"இன்னாங்க இது, எங்கள களையெடுக்க வந்தவங்கன்னு நெனச்சிட்டீங்களா?"

"நம்ம மெஷின்ல அடிச்சதுங்க. ஒரு வாய் சாப்ட்டுப் பாருங்க."

"நெல்லுச் சோறு போட வக்கில்லாத வூட்ல பொண்ணு குடுக்கவா பஸ் ஏறி வந்தோம்?"

போய்விட்டார்கள். மெஷின் அப்பா பெயரில் இருந்தது. அண்ணன் அதற்குப் பெல்ட் வாங்க ஆரணி போயிருந்த நாளில், அப்பா அதை விலைபேசி விற்ற வியாபாரி லாரியோடு வந்தான். ஷெட் சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் நல்லதுக்குத்தான் என்று நம்பினேன். நாலு புத்தகம் படித்தவனுக்குக் காரணமா கிடைக்காது?

திரும்பி வந்த அண்ணன், "எவன்டா சாவி குடுத்தது?" என்றான். நான் பியூன் வேலைக்கான விண்ணப்பத்தை நீட்டினேன். நானே நிரப்பியது. கையெழுத்துதான் பாக்கி.

பியூன் ஆனான். அதே தாய்மாமன் சிரித்துக்கொண்டே வந்து தட்டு மாற்றினார். மலைக்காரர்கள் இப்போது சாமையை உமியோடு விற்றுவிட்டு ரேஷன் அரிசி வாங்குகிறார்கள். மலை ஏன் முன்னேறவில்லை என்று ஊருக்கு ஊர் கூட்டம் போடுகிறார்கள். நானும் ஒன்றில் பேசினேன். சால்வை போர்த்தினார்கள்.

அண்ணன் என்னோடு பேசுவது அந்த லாரியோடு போயிற்று. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தியில் அவன்தான் சாம்பார் வாளி தூக்குவான். என் இலை வந்தால் நிமிர்ந்து, தாண்டி, அடுத்த இலைக்காரரிடம் குனிந்து சொல்வான்:

"கூச்சப்படாம சாப்டுங்க, நம்ம வூட்டு விசேஷம்."