மடியில் என் மகள், பேச்சில் அந்தப் படம்

போளூரிலிருந்து ஆரணி வரும் பஸ்ஸில் இன்று மாலை நல்ல கூட்டம். மூன்று வயது மகளோடு நான் நிற்பதைப் பார்த்து, உட்கார்ந்திருந்த ஓர் அக்கா அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அவரும் பக்கத்திலிருந்த அவர் கணவரும், ஊரே கொண்டாடும் அந்த முகமூடி ஹீரோ படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்த படம்தான்.

"தன் பொண்டாட்டிய கொன்னவன் வூட்டையே கொளுத்தினான் பாரு, தியேட்டரே அதிர்ந்துச்சு!" என்றார் கணவர்.

"உள்ள அவன் புள்ளைங்களும் இருந்துச்சுங்களே?" வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன்.

"வில்லன் புள்ளைங்கதானேமா!" என்று சிரித்தார் அக்கா, என் மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே. "எனக்கு அந்த சீன்தான் புடிச்சுது. அப்பறம் பாட்டு போட்டு இழுத்துகினே போனாங்க பாரு, அதான் பேஜார்."

மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாமா, களம்பூரே வரல. அதுக்குள்ள எறங்கப் போறியா?"

"இல்லக்கா. என்கிட்டயே இருக்கட்டும்."

ஆரணி வரை நின்றுகொண்டே வந்தேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்ட நண்பர்களே, அந்த வீட்டுக்குள் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?