முதல் திங்கட்கிழமைப் புகை

என் வானுக்குக் கிழமை தெரியும் என்று சொன்னபோது மெக்கானிக் சிரிக்கவில்லை. பாவம், இந்த அக்காவுக்கு வெயில் பட்டுவிட்டது என்கிற மாதிரித்தான் பார்த்தார்.

நான் வெள்ளவத்தையில் பள்ளிக்கூட வான் ஓடுகிறேன். பழைய ஜப்பான் வான், டீசல் எஞ்சின், பதினொரு பிள்ளைகள். ஒரு பெண் வான் ஓடுகிறாள் என்பதற்காகவே தாய்மார் நம்பித் தங்கள் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறார்கள். அதே தாய்மார்தான், வானில் ஒரு ஆணி கழன்றாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பவர்களும்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் பண்ணியதும் பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி வீட்டுக்கு முன்னால் இருக்கிற ஒழுங்கையை நிறைத்தது. எஞ்சின் இருமி இருமி ஓடியது. ஒரு தாய் அதைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். “அன்ரி, இது பிள்ளையளுக்குப் பாதுகாப்போ?” என்று கீழே ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை வரை புகை நிற்கவில்லை. அன்று மத்தியானம் மூன்று தாய்மார் சேர்ந்து, அடுத்த திங்களும் புகைத்தால் வேறு வான் பார்க்கப் போவதாக மரியாதையாகச் சொன்னார்கள். மூன்று பேர் போனால் மற்றவர்களும் போவார்கள்.

சனிக்கிழமை காலை வானைக் கொட்டாஞ்சேனைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக்கின் வீடு ஜிந்துப்பிட்டியில், கராஜ் அங்கிருந்து நடக்கிற தூரம். எட்டு வருடமாக என் வானைப் பார்ப்பவர். எஞ்சினை ஓட விட்டு, பின்னால் போய் நின்று, ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“ஹெட் கேஸ்கட் போயிருச்சுக்கா. தண்ணி உள்ள இறங்குது. ஹெட்டைக் கழட்டணும். ரெண்டு கிழமையாகும்.”

எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தகடுதான் அது. அது பழுதானால் எஞ்சினைக் குளிராக்குகிற தண்ணீர் டீசல் எரிகிற இடத்துக்குள் போய், ஆவியாகி, வெள்ளையாக வெளியே வரும். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் பதினான்கு நாள் வான் நின்றால் என் பதினொரு பிள்ளைகளும் வேறு வானில் இருப்பார்கள்.

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒரு விஷயம் ஏன் நடக்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. வானுக்கென்று ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஒயில் மாற்றியது, டயர் மாற்றியது, எந்தச் சத்தம் எப்போது கேட்டது, எல்லாம் அதில் இருக்கும். அதை விரித்துக் காட்டினேன். இந்தப் புகை மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் கொஞ்சமாக வந்து புதன்கிழமையோடு நின்றுவிட்டது. மூன்றும் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. மூன்றும் மழை தொடங்கிய பிறகு.

“கேஸ்கட் போனா நாள் பாத்தோ தம்பி புகைக்கும்?” என்றேன்.

அவர் எஞ்சினை ஆறவிட்டு றேடியேற்றர் மூடியைத் திறந்தார். தண்ணீர் கழுத்து வரை நின்றது. நான் தினமும் காலையில் பார்ப்பதுதான், ஒரு விரல்கூடக் குறைந்ததில்லை. எஞ்சினை ஓட விட்டுப் பார்த்தோம். கேஸ்கட் போயிருந்தால் அதில் குமிழி வரும், வரவில்லை. ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியை இழுத்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஒயில் பால் தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும். இது கறுப்பாகவே இருந்தது. நான் என் வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயின் பின்னால் பிடித்தேன். ஈரமாகிவிட்டது, கண் எரிந்தது, எரியாத டீசல் மணத்தது.

“தண்ணிதான்,” என்றார் அவர். இப்போது அவருடைய குரலிலும் சந்தேகம் தொற்றியிருந்தது. “ஆனா றேடியேற்றர் தண்ணியில்ல. டீசலைப் பாத்துருவோம்.”

ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தலை டீசல் பில்டரின் அடியில் பிடித்து, அங்கிருக்கும் சிறிய திருகாணியைத் தளர்த்தி, மேலே இருந்த பம்பைக் கையால் அமுக்கினார். போத்தல் பாதிக்கு மேல் நிறைந்தது. அதைப் பலகையில் வைத்துவிட்டு இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கலங்கலாக இருந்தது மெல்ல மெல்லத் தெளிந்து இரண்டாகப் பிரிந்தது. மேலே மஞ்சள் டீசல். கீழே, மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தப் போத்தலைத் தாய்மாரின் குழுவில் படமாகப் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

டீசல் தாங்கியை முழுதாக வடித்து, பில்டரை மாற்றி, குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினோம். முதலில் கொஞ்சம் புகைத்தது. ஐந்து நிமிடத்தில் குழாயின் வாய் சுத்தமாகிவிட்டது. இருமலும் நின்றது.

“ஷெட்ல அடிக்கிற டீசல்ல தண்ணின்னா அங்க வர்ற மத்த வானும் புகைச்சிருக்கும்,” என்றார் அவர் கையைத் துடைத்தபடி. “உங்க வானுக்கு வேற யாருக்கா டீசல் ஊத்துறது?”

“ஒருத்தரும் இல்லை, நான்தான்,” என்று சொல்லி வாய் மூடவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிறு காலையில் வான் கழுவுவது என் கணவரின் வேலை. ஓய்வு பெற்ற மனிதர், வேறு எதற்கும் குனியமாட்டார். சில ஞாயிறுகளில் மட்டும் கழுவி முடித்து வந்து, எலுமிச்சைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவுவார். நான் அதை நினைத்து ஒரு நாளும் ஆச்சரியப்பட்டதில்லை. வானின் கொப்பி எழுதுகிறவள் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பல்கனிக்குப் போனேன். தண்ணீர் வெட்டுக்காக நாங்கள் நிரப்பி வைக்கிற கலன்களுக்குப் பின்னால் இன்னொரு கலன் ஒளிந்திருந்தது. மூடி இல்லை. மூடிக்குப் பதிலாக ஒரு சொப்பிங் பையைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தார். கடல் பக்கமிருந்து அடிக்கிற மழை அந்தப் பையின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. உலுக்கிப் பார்த்தேன், டீசல் மணத்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பல்கனியில் எரிபொருள் வைக்கக்கூடாது என்று நான் எப்போதோ தடை போட்டிருந்தேன்.

“என்ர ஓட்டமே போகப் பாத்தது, தெரியுமே உங்களுக்கு?” என்று உள்ளே போய்க் கணவரிடம் கேட்டேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். “திரும்பவும் டீசல் தட்டுப்பாடு வந்தா அவசரத்துக்கு எண்டு வச்சனான். மாசம் ஒருக்கா, துவக்கத்து ஞாயிறிலை, பழசை வானுக்குள்ளை ஊத்திப்போட்டுப் புதுசு நிரப்பிறனான். பழுதாப் போகக்கூடாதெல்லே.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

மடித்த பேப்பரை இன்னொரு தடவை மடித்தார். டீசல் வரிசைக் காலத்தில் நான் காலி ஊருக்குப் போகிற வீதியில் மூன்று நாள் வானுக்குள்ளேயே கிடந்தேன். கால் வீங்கிச் செருப்புப் போட முடியவில்லை. பக்கத்து வான்காரரின் மனைவி தேநீர் கொண்டுவந்து தந்தாள். இவர் வேலைக்குப் போய் வந்தார்.

“அப்ப நான் ஒரு நாளும் வந்து நிக்கேல்லை,” என்றார். “வேலை எண்டு சொன்னனான். வேலை இல்லை. ஒஃபிஸ் ஆக்கள் வரிசையிலை என்னைக் கண்டா என்ன நினைப்பினம் எண்டுதான் வரேல்லை. நீர் இன்னொருக்கா அப்பிடிக் கிடக்கக்கூடாது.”

அது வேலையில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் வாயால் கேட்க வேண்டும் என்று இத்தனை நாளும் காத்திருந்தது மட்டும் எனக்கே தெரியாது. கோபத்தை எங்கே வைத்தேன் என்று தேடினேன், கிடைக்கவில்லை.

பின்னேரம் கடைக்குப் போய் திருகு மூடி போட்ட கலன் ஒன்று வாங்கி வந்து, பல்கனியில் இல்லாமல் கீழே வான் நிற்கிற இடத்தில், மழை படாத மூலையில் வைத்தேன். திங்கட்கிழமை காலை தாய்மார் மூன்று பேரும் அவரவர் வாசலில் நின்று புகைக்குழாயைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது அவர் கீழே புதுக் கலனுக்குப் பக்கத்தில் நின்றார்.

“இனி நான் ஊத்தமாட்டன்,” என்றார்.

“ஊத்துங்கோ,” என்றேன். “சொல்லிப்போட்டு ஊத்துங்கோ.”