ஆப்பரேஷன் அறையில் வாய் திறந்த சிஸ்டர்

வெள்ளைக்காரப் பெரிய டாக்டர் துரை விரலை நீட்டினால் கத்தி, உள்ளங்கையை விரித்தால் கத்தரி. மாற்றிக் கொடுத்தால் தட்டு சுவருக்குப் பறக்கும். மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஆப்பரேஷன் அறையில், அந்தக் காலத்தில் அவரைத் தவிர யாரும் வாய் திறக்கக்கூடாது. நான் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன், மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் துரையின் புருவத்தைப் பார்த்தே அடுத்தது என்ன என்று சொல்லிவிடுவேன். இன்று ஜெலுத்தோங்கில் சலவைக்கடை வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறேன் என்றால், அந்தக் கூர்மையால்தான்.

உடம்பில் நகை எதுவும் இருக்கக்கூடாது என்பது துரையின் சட்டம். தாலியும் அதில் சேர்த்தி. கழற்ற மறுத்த நம் பெண்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ஒருத்தியை நானே வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டேன். சில நாளில் போய்ச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு என் வீட்டுக்காரிக்கே குடல்வால் வீங்கி, அதே ஸ்ட்ரெச்சரில் வந்து படுத்தாள்.

"கழட்டிடு புள்ள. முடிஞ்சதும் நானே கட்டிவிடறேன்" என்று அறைக்கு வெளியே வைத்தே சொன்னேன்.

"குத்துக்கல்லாட்டம் நீங்க நிக்கிறப்ப நான் ஏன் கழட்டணும்? செத்தாலும் இதோடதான்."

உள்ளே தள்ளிக்கொண்டு போனதும், துரை தாலியைப் பார்த்துவிட்டுக் கதவைக் காட்டினார்.

அப்போது, புதிதாக வேலைக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துச் சிஸ்டர் இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மருந்தில் நனைத்த துணியைத் தாலியில் சுற்றி, தோளோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடலாம், வயிற்றுப் பக்கம் வராது. தட்டு பறக்கப்போகிறதென்று எல்லோரும் குனிந்தோம். பறக்கவில்லை.

"ஆமா தொரை, அப்படியே செய்யலாம்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அந்த அறையில் வாய் திறந்த இரண்டாவது ஆள் நான்தான். துரை என்னை முறைத்தார், சிஸ்டரைப் பார்த்தார், கடைசியில் மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தலையசைத்தார்.

"உங்களை ஆர் அண்ணை கேட்டது?" என்று வெளியே வந்ததும் சிஸ்டர் சிரித்தார்.

என் வீட்டுக்காரி பிழைத்தாள். இப்போதும் கடையில் என்னை அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

துரை ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் சிஸ்டரும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் தாழ்ந்த குரலில் ஏதாவது கேட்பார். கேட்கக் கேட்க, துரையும் பதில் சொல்லப் பழகினார். நான் வேலையை விடுவதற்குச் சற்று முன்பு, கையைவிட்டு வராத பச்சைக்கல் வளையலோடு ஒரு சீனத்து அம்மா வந்தார். துரையே துணி சுற்றச் சொன்னார். பிறகு கத்தியைத் தொடாமல் எங்களைச் சுற்றிப் பார்த்து, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று எங்கள் எல்லோருக்கும் புரியும் சந்தைப் பேச்சான பாசார் மலாயில் கேட்டார்.

"அந்தம்மாவுக்குக் குளிருது தொரை" என்றேன்.

கம்பளி வந்தது. அதைப் போர்த்திய பிறகுதான் துரை விரலை நீட்டினார்.