பெரிய வெள்ளியில் அடித்த மணி

புன்னைக்காயல் கோயில்பிள்ளை ஜேசுபாதத்தின் மனைவி பிளாரன்ஸ் சத்தம் போட்டுப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. மீன்காரியிடம் பேரம் பேசக்கூட வெட்கப்படுவாள். கோயில் மணியடிப்பது புருஷன் வேலை, பிலோமியையும் பவுலையும் வளர்ப்பது இவள் வேலை என்று ஒதுங்கியே இருந்தாள். அப்பேர்ப்பட்டவள்தான் எழுபத்து நாலாம் வருஷம் ஊரையே கதிகலங்க வைத்தாள்.

அன்று பெரிய வெள்ளி. ஆண்டவர் மரித்த துக்கத்தில் வியாழன் இரவோடு கோயில் மணி ஓய்ந்துவிடும். சனி இரவு உயிர்ப்புப் பூசைவரை யாரும் அதைத் தொடக்கூடாது. பிற்பகல் மூன்று மணிக்குக் கோயிலைப் பூட்டிவிட்டு ஊர்சனம் மொத்தமும் சிலுவைப்பாதைக்குக் கடற்கரை போய்விட்டது. பிள்ளைகள் இரண்டுக்கும் சின்னம்மை என்பதால் பிளாரன்ஸ் மட்டும் வீட்டில் இருந்தாள். எல்லா வீடும் காலியாகக் கிடக்கும் என்று களவாணிப் பயலுக்குத் தெரியாதா என்ன?

புறவாசல் கதவைக் கம்பியால் நெம்பும் சத்தம் கேட்டது. பிளாரன்ஸ் உள்ளிருந்தே கேட்டாள்.

“யாருலே அது?”

சத்தம் நின்றது. “கதவைத் திறளா. கூப்பாடு போட்டே, பிள்ளையள முழுசாப் பாக்க மாட்டே.”

ஐயோ, அந்த முரட்டுக் குரல்! கூப்பாடு போட்டாலும் கேட்க நாதி ஏது? பவுலை இடுப்பில் தூக்கினாள். ஐந்து வயதுப் பிலோமியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் பக்கத்துக் கோயில் முற்றத்துக்கு ஓடினாள்.

முற்றத்து மணிக்கூண்டில் தொங்கும் மணிக்கயிற்றைத் தூணோடு இறுக்கிக் கட்டியிருந்தார் ஜேசுபாதம். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். வீட்டுக்குள் கதவு பிளந்து விழுந்தது.

“அம்மா, மணியத் தொட்டா பாவம்லா?” என்று பிலோமி அழுதாள்.

“பேசாம எஞ்சேலையப் பிடிச்சுக்கோ!”

முடிச்சு அவிழ்ந்தபோது கம்பியோடு அவன் முன்வாசலில் நின்றான். பிளாரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தாள். மணி அலறியது. இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள். கடற்கரையிலிருந்து ஊரே கத்திக்கொண்டு வரும் இரைச்சல் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். அவன் மதில் ஏறிக் குதித்து ஓடிக்கொண்டிருந்தான்.

முதலில் வந்து சேர்ந்தவர் ஜேசுபாதம். “ஏளா, புத்தி கெட்டுப் போச்சா? ஆண்டவரு செத்துக் கிடக்காரு, மணியடிக்கியே!”

பிலோமிதான் வீட்டைக் காட்டினாள். உடைந்த கதவைப் போய்ப் பார்த்துவிட்டு மனுஷன் திரும்பி வந்தார். இன்னும் கயிற்றை விடாமல் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

மறுநாள் அவள் கோயில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சிலுவைப்பாதைக்குப் போகாததைச் சொன்னாள். களவாணியை வாய்க்கு வந்தபடி சபித்ததைச் சொன்னாள். மணியடித்ததையும் சொல்வாள் என்று சாமியார் காத்திருந்தார்.

“வேற பாவம் ஏதும் உண்டாம்மா?”

“இல்ல சாமி” என்றாள் பிளாரன்ஸ்.