வலிக்குது என்று சொன்ன நாள்

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கேட்கிறவர்கள் முகம் மலருகிற மாதிரி சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் என் சாட்சி நாற்றத்தில்தான் ஆரம்பிக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கேளுங்கள்.

நான் ரோசி. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். போன வருடம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சோற்று அண்டாவை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். அரிசி கழுவின தண்ணீர் தரையில் சிந்திக் கிடந்திருக்கிறது. கால் வழுக்கி வலது முட்டி திருகிக்கொண்டது. விழாமல் இருக்க வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். உடம்பு பாரம் முழுக்கத் தோளில் இறங்கியது. மறுநாள் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

கரண்டி தூக்க முடியாதவளை யார் சமையலுக்கு வைத்துக்கொள்வார்கள்? 

முதலில் நாட்டுக்கட்டு போட்டோம். முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எட்டாம் நாள் அதிலிருந்து வந்த நாற்றம் இருக்கிறதே, சொன்னால் இன்றைக்கும் குமட்டுகிறது. கட்டுக்குள் எறும்பு ஊர்ந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவிழ்த்தபோது தோல் வெந்து வெளுத்திருந்தது. வலி மட்டும் அப்படியே இருந்தது.

அந்த வாரம்தான் நம் ஜெபக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து தேவ ஊழியர் ஒருவர் வந்தார். "விசுவாசம் இருந்தா அந்தக் கோட்டை மலையே பேந்து போகும். வலி இருக்குதுன்னு வாயால சொல்லாதீங்க. சொன்னா பிசாசுக்குக் கதவைத் தொறந்து வுட்ட மாதிரி" என்றார். என்னை முன்னால் கூப்பிட்டு ஜெபித்தார். "இப்ப கைய தூக்கு சகோதரி!"

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். உள்ளே ஏதோ கிழிந்தது. "வலி போயிடுச்சி, அல்லேலூயா!" என்று மைக்கில் கத்தினேன். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். அந்த ஊழியரைக் குறை சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. சீ, அதை நினைத்தால் அந்தக் கட்டு நாற்றமே தேவலை.

என் வீட்டுக்காரர் சேகர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா முட்டியை மடக்கினார்.

"இங்க அமுக்கினா வலிக்குதாம்மா?"

"இல்லம்மா."

"முட்டி எப்பவாச்சும் பூட்டிக்கிற மாதிரி மாட்டிக்குதா?"

"இல்லம்மா. சுகமா இருக்குது, ஸ்தோத்திரம்."

கண்ணில் தண்ணீர் கொட்டியது. சந்தோஷக் கண்ணீர் என்று சொல்லிவிட்டேன். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. சதைப்பிடிப்பாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவர் என்ன செய்வார்? கேட்டதற்கெல்லாம் பொய் சொன்னது நான்.

அதற்குப் பிறகு வந்த புரட்டாசி அமாவாசை. மேல்மலையனூர்க் கோயிலுக்குச் சவாரி ஓயாத நாள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். பகல் பதினோரு மணி இருக்கும். எங்களுடையது குந்தி உட்காருகிற கக்கூஸ். உட்கார்ந்தவள் எழுந்திருக்கப் பார்த்தேன், முட்டி பூட்டிக்கொண்டது. வலது கையை ஊன்றினேன், தோள் கைவிட்டது. அந்த ஈரத் தரையிலேயே, அந்த அசிங்கத்திலேயே சாய்ந்து விழுந்தேன். கத்தினேன். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. ஈ வந்து முகத்தில் உட்கார்ந்தது. அதை ஓட்டக்கூடக் கை வரவில்லை.

அழகான ஜெப வார்த்தைகள் எத்தனையோ எனக்குத் தெரியும். அங்கே ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, வலிக்குது. நான் சொன்னது பொய். தாங்க முடியலப்பா, வலிக்குது" என்றேன். இரண்டு மாதத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோ சத்தம் கேட்டது. ஏறின சவாரி ஸ்பெஷல் பஸ்ஸைப் பார்த்ததும் பாதியில் இறங்கிவிட்டதாம். தண்ணீர் பாட்டிலை எடுத்துப்போகலாம் என்று வந்திருக்கிறார். ஒரு அமாவாசைக்கும் வராத மனுஷன்! கதவை நெட்டித் திறந்து, முகம் சுளிக்காமல் தூக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

"இன்னா ரோசி இது? வலிக்குதா?"

"வலிக்குதுய்யா. அன்னிலேர்ந்து வலிக்குது."

துண்டால் துடைத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றினார். அமாவாசைச் சவாரி அத்தனையும் போனது.

அதே டாக்டரம்மா. "நீங்கதான அன்னிக்கு வலியே இல்லன்னீங்க?"

"பொய் சொன்னம்மா."

"நான் கைய வெச்சுப் பார்த்தா மட்டும் போதாதும்மா. எங்க வலிக்குதுன்னு நீங்க சொன்னாத்தான் எனக்கு வழி தெரியும்."

முட்டியை மடக்கி மெதுவாகத் திருகினார். "இங்கதான்!" என்று அலறினேன். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார். "இங்கயும்!" என்றேன். வெட்கமே இல்லாமல் கத்தினேன். விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்ததில் அவர் சந்தேகப்பட்டதே வந்தது. முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு கிழிந்திருந்தது. தோளில் தசைநார் பாதி அறுந்திருந்தது. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், பயிற்சி செய்து பார்ப்போம் என்றார்.

முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, பத்து எண்ணும்வரை அழுத்த வேண்டும். சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்ற வேண்டும். ஏறின உயரத்துக்கு வாராவாரம் என் வீட்டுக்காரர் பென்சிலால் கோடு போட்டார். சில வாரம் கோடு நகரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் போடவில்லை. ஐந்து மாதம் உதவியாளர் அக்கா கிளறினாள், நான் உட்கார்ந்து காய் நறுக்கினேன். பங்குனியில் கரண்டி மறுபடியும் என் கைக்கு வந்தது. அன்றைக்கு அழுதது நிஜமாகவே சந்தோஷத்தில்.

அதனால் இந்த மேடையில் நான் முன்பு சொன்ன சாட்சியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது பொய். இதுதான் மெய். நல்ல வார்த்தை வரும்வரை கர்த்தர் காத்திருக்கவில்லை. கக்கூஸிலிருந்து கூப்பிட்டேன், கேட்டார். உங்களில் யாராவது உள்ளே வலியை வைத்துக்கொண்டு வெளியே அல்லேலூயா சொல்கிறீர்களா? அவரிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். கர்த்தர் அருவருக்கமாட்டார்.

இப்போது துதிக்கிறபோது என் வலது கையைப் பாருங்கள். காதுவரை போகிறது. அதற்கு மேல் வலிக்கிறது.